விடுபட்ட வரவு: மைசூர்ப் பையனின் பதின்மூன்று விக்கெட்

1999 பிப்ரவரியில் ஈடன் கார்டனில் நடந்த இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட் மேட்ச்சைப் பற்றி நாற்பது வயது தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரே பதில்தான் வரும். "சச்சின் ரன் அவுட். ஷோயப் அக்தர் குறுக்கே நின்றார். ஜனங்கள் பாட்டில் வீசினார்கள். ஸ்டேடியத்தைக் காலி பண்ணினார்கள்." அவ்வளவுதான்.

அடுத்து இன்னொரு கேள்வி கேளுங்கள். அந்த மேட்ச்சில் 13 விக்கெட் எடுத்தது யார்?

பத்தில் எட்டுப் பேர் விழிப்பார்கள். ஒருவர் கும்ப்ளே என்பார். (அது அதற்கு முந்தின டெஸ்ட், டெல்லி, ஒரே இன்னிங்ஸில் பத்து.) ஆனால் நான் இப்போது குடியிருக்கும் மைசூர் அக்ரஹாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். ஜவகல் ஸ்ரீநாத். முதல் இன்னிங்ஸில் 46 ரன்னுக்கு 5, இரண்டாவதில் 86 ரன்னுக்கு 8. மொத்தம் 132-க்கு 13. இந்தியா தோற்றது.

தோற்ற அணிக்காக ஒரு டெஸ்ட்டில் 13 விக்கெட் எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர் இந்த ஊர்க்காரர். அப்படிப்பட்ட ஒரு சாதனை எப்படி நாட்டின் ஞாபகத்திலிருந்து துடைத்த மாதிரிப் போனது? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஜெர்மனி வரை போய்விட்டு வரப் போகிறோம் :-)

ஊர் பற்றி இரண்டு வரி

என் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். பாங்க் வேலை, மாற்றல் மேல் மாற்றல், இப்போது மைசூர். வீடு நூற்றியொரு கணபதி கோயில் இருக்கும் அக்ரஹாரம் பகுதியில். இங்கே தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். பழகிவிட்டது.

ஸ்ரீநாத் இந்த மைசூரில் படித்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் மரிமல்லப்பா, இன்ஜினியரிங் எஸ்.ஜே.சி.இ. பெயரில் இருக்கும் ஜவகல் ஹாசன் மாவட்டத்து ஊர். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் 'மைசூர் எக்ஸ்பிரஸ்'. 67 டெஸ்ட், 236 விக்கெட். ஒரு நாள் போட்டிகளில் 315. பெரும்பாலும் ஸ்பின்னர்களுக்குச் சாதகமான மண்ணில் வேகப்பந்து போட்டு எடுத்த கணக்கு இது. அதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார், ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. ஒரு நாள் சாயங்காலம் பேச்சு கிரிக்கெட் பக்கம் திரும்பியது. நான் வழக்கம் போல "ஈடன்ல சச்சினுக்கு அநியாயம் பண்ணிட்டாங்க மாமா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "ஏம்ப்பா, சச்சின் அவுட்டா இல்லையான்னு நாட்டுக்கே கவலை. எங்க பையன் எட்டு எடுத்தானே, அதை எவன் பேசினான்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போனால் முதலில் சென்னைக்குப் போகவேண்டும்.

சேப்பாக்கம், 12 ரன்

1999 ஜனவரி 28-ல் சேப்பாக்கத்தில் ஆரம்பித்த டெஸ்ட். பாகிஸ்தான் இந்தியாவில் டெஸ்ட் ஆடிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக ஆடியது 1987-ல் பெங்களூரில், அதுவும் இந்தியா 16 ரன்னில் தோற்ற மேட்ச். இந்தத் தடவை டெல்லி ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். போட்டி நடக்குமா நடக்காதா என்ற பதற்றத்தோடுதான் சென்னையில் முதல் பந்து விழுந்தது.

நான் அப்போது பி.காம் முதல் வருஷம். டி.வி. முன்னால் நான்கு நாளும் அசையவில்லை.

ஸ்கோர் இதுதான். பாகிஸ்தான் 238, இந்தியா 254. இரண்டாவது இன்னிங்ஸில் அஃப்ரிடி 141 அடித்தார். பாகிஸ்தான் 4 விக்கெட்டுக்கு 275 என்று நின்றது. அங்கிருந்து 286-க்கு ஆல் அவுட். வெங்கடேஷ் பிரசாத் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 5 விக்கெட் சாய்த்தார், மொத்தம் 33-க்கு 6. இந்தியாவுக்கு இலக்கு 271.

இந்தியா 6 ரன்னுக்கு 2 விக்கெட். பிறகு 82-க்கு 5. அந்த ஐந்தாவது விக்கெட்தான் சர்ச்சை. கங்குலி ஆடிய பந்து பக்கத்தில் நின்ற ஃபீல்டர் மேல் பட்டு எழும்பி விக்கெட் கீப்பர் மொயின் கான் கைக்குப் போனது. நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் அவுட் கொடுத்தார். டி.வி.யில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். பந்து நடுவில் தரையைத் தொட்டுவிட்டு எழும்பியது என்றுதான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன். முதுகு வலியோடு சச்சின் ஆடிய ஆட்டம். 218-ல் மோங்கியா போனார். 254-ல் சச்சின், 136 ரன்னோடு, சக்லைன் பந்தில் வாசிம் அக்ரம் கையில். இன்னும் 17 ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட். நான்கு ரன் சேர்வதற்குள் மூன்றும் போய்விட்டன. 258 ஆல் அவுட். கடைசியாக அவுட் ஆனவர் யார் தெரியுமா? ஸ்ரீநாத். சக்லைன் பந்தைத் தடுத்தார். அது உருண்டு போய் ஸ்டம்பில் பட்டது.

12 ரன்னில் தோல்வி.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது, ஜனங்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தமிழர்கள் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இது.

இப்போது கவனியுங்கள். சென்னை டெஸ்ட் என்றவுடன் உங்களுக்கு எத்தனை விஷயம் ஞாபகம் வருகிறது? சச்சினின் 136, சக்லைனின் பத்து விக்கெட், பிரசாத்தின் ஐந்து, அஃப்ரிடியின் 141, கடைசி மூன்று விக்கெட் சரிந்தது, கைதட்டல். கங்குலியின் அவுட் எங்கேயோ ஏழாவது எட்டாவது வரியில் இருக்கிறது. தப்பான தீர்ப்பு நடந்தது, ஆனால் அது மேட்ச்சை விழுங்கவில்லை.

ஈடன், 46 ரன்

சென்னையில் தோல்வி, டெல்லியில் வெற்றி. மூன்றாவதாகக் கல்கத்தா. (நகரம் 2001-ல்தான் கொல்கத்தா ஆனது.) பிப்ரவரி 16 முதல் 20 வரை. இது ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப்பின் முதல் மேட்ச். ஈடன் தினமும் நிரம்பி வழிந்தது.

முதல் நாள் காலையில் ஸ்ரீநாத்தும் பிரசாத்தும் பாகிஸ்தானை 26 ரன்னுக்கு 6 விக்கெட் என்று ஆக்கினார்கள். 26-க்கு 6! மொயின் கான் நின்று ஆடியதால் 185 வரை வந்தார்கள். இந்தியா 223. அதில் ஷோயப் அடுத்தடுத்த பந்துகளில் திராவிடையும் சச்சினையும் போல்டு ஆக்கியது இன்றும் பேசப்படுகிறது. இரண்டாவது இன்னிங்ஸில் பாகிஸ்தான் 316. சயீத் அன்வர் முதலிலிருந்து கடைசி வரை அவுட் ஆகாமல் 188. எதிர் முனையில் நின்றவர்களை ஒவ்வொருவராக அனுப்பியது ஸ்ரீநாத், எட்டுப் பேர். அவருடைய டெஸ்ட் வாழ்க்கையிலேயே சிறந்த பந்துவீச்சு அதுதான்.

இலக்கு 279. நான்காம் நாள் சச்சின் 9 ரன்னில் இருக்கும்போது மூன்றாவது ரன்னுக்குத் திரும்பினார். பவுண்டரி பக்கத்திலிருந்து மாற்று ஆட்டக்காரர் நதீம் கான் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டது. சச்சின் பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தார். ஷோயபும் பந்தைப் பார்த்துக்கொண்டு கிரீஸ் பக்கத்தில் நின்றிருந்தார். மோதல். மட்டை கோட்டுக்குள் இல்லை. மூன்றாவது நடுவர், இலங்கையின் கே.டி. ஃபிரான்சிஸ், அவுட் என்றார்.

சட்டப்படி பார்த்தால்? ஃபீல்டர் வேண்டுமென்றே மறித்தால்தான் குற்றம். தற்செயலாக மோதினால் விதியில் நிவாரணம் இல்லை. கேமரா காட்டியதை வைத்து நடுவர் தீர்ப்புச் சொன்னார். இன்னொரு வழி இருந்தது. கேப்டன் நடுவரின் சம்மதத்தோடு அப்பீலைத் திரும்பப் பெறலாம். வாசிம் அக்ரம் பெறவில்லை. ஆக நடுவர் செய்தது விதிப்படி சரி. ஜனங்கள் கேட்டது விதியை அல்ல, நியாயத்தை. இரண்டும் எப்போதும் ஒரே கவுண்டரில் கிடைப்பதில்லை.

பாட்டில்கள் பறந்தன, ஆட்டம் நின்றது. அப்போது ஐ.சி.சி. தலைவராக இருந்த ஜக்மோகன் டால்மியாவும் சச்சினும் மைதானத்தைச் சுற்றி நடந்து சமாதானம் செய்த பிறகு தொடர்ந்தது. மறுநாள் இன்னும் மோசம். இந்தியாவுக்கு ஒரே ஒரு விக்கெட் பாக்கி இருந்தபோது மறுபடி நிறுத்தினார்கள். சுமார் 65,000 பேரைப் போலீஸ் வெளியேற்றியது. காலி ஸ்டேடியத்தில் சில பந்துகளில் மேட்ச் முடிந்தது. இந்தியா 232. தோல்வி 46 ரன்னில்.

அதோடு ஸ்ரீநாத்தின் பதின்மூன்றும் காலி நாற்காலிகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது.

இருப்பாய்வு சொல்லாத பிழை

இங்கே கொஞ்சம் பி.காம் பாடம். பயப்படவேண்டாம், ஒரே பத்திதான்.

கணக்குப் பதிவியலில் இருப்பாய்வு என்று ஒன்று உண்டு. பற்று, வரவு இரண்டு பக்கமும் கூட்டிப் பார்ப்பது. இரண்டும் ஒன்றாக வந்தால் கணக்கு சரி என்று புது ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். வாத்தியார் சிரிப்பார். இருப்பாய்வு பிடிக்க முடியாத பிழைகள் சில உண்டு. ஒன்று ஈடுசெய்யும் பிழை. அதாவது இங்கே ஒரு தப்பு, அங்கே ஒரு தப்பு, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மொத்தம் சரியாக வரும். இன்னொன்று விடுபிழை. ஒரு நடவடிக்கையைப் புத்தகத்தில் எழுதவே இல்லை என்றால் கூட்டலில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

சொற்ப வித்தியாசத்தில் தோற்ற மேட்ச்சை ரசிகர்கள் எப்படிக் கணக்குப் பார்க்கிறோம்? 12 ரன் குறைகிறது. எங்கே போச்சு? உடனே கண்ணில் படுவது நடுவரின் தீர்ப்பு. "அந்த ஒரு அவுட் மட்டும் கொடுக்காமல் இருந்திருந்தால்…" வித்தியாசம் சின்னதாக இருக்க இருக்க இந்த எண்ணம் பலமாகும். 300 ரன்னில் தோற்றால் யாரும் நடுவரைத் திட்டுவதில்லை.

கையால் லெட்ஜர் எழுதிய காலத்து சீனியர்கள் எனக்குச் சொன்னது இது. பேலன்ஸ் பார்க்கும்போது பெரிய வித்தியாசத்தை விடச் சின்ன வித்தியாசம்தான் ஆபத்து. பத்தாயிரம் குறைந்தால் ஒரு வவுச்சர் விட்டுப் போயிருக்கும், தேடினால் கிடைக்கும். பன்னிரண்டு ரூபாய் குறைந்தால் பன்னிரண்டு ரூபாய் வவுச்சரைத் தேடக்கூடாது. உள்ளே இரண்டு மூன்று பெரிய தப்புகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

சென்னையில் அந்தப் 12 ரன்னுக்குள்ளே என்னவெல்லாம் இருந்தது! 4 ரன்னில் போன கடைசி மூன்று விக்கெட், 11 ரன்னில் போன பாகிஸ்தானின் கடைசி ஆறு விக்கெட், அஃப்ரிடியின் 141. அதில் கங்குலியின் அவுட் ஒரு வரி. பெரிய வரிதான், தப்பான வரிதான். ஆனால் ஒரு வரி. அதை மட்டும் திருத்தினால் மற்ற வரிகள் அப்படியே இருக்கும் என்று நினைப்பதும் சரியில்லை. கங்குலி நின்றிருந்தால் அந்த 136 ரன் ஜோடி அப்படியே அமைந்திருக்குமா? ஒரு பதிவை மாற்றினால் அதற்குக் கீழே உள்ள எல்லா இருப்பும் மாறும்.

நடுவர் சரியாகச் செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தப்பைத் தப்பு என்று சொல்லத்தான் வேண்டும். அப்படிச் சொன்னதால்தான் விதிகளும் மாறின. அப்போதெல்லாம் ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு நடுவர் வெளிநாட்டவர், இன்னொருவர் உள்ளூர்க்காரர். 2002-லிருந்து இருவருமே பொது நாட்டவர் என்றானது. 2008-ல் இந்தியா - இலங்கை டெஸ்ட் தொடரில் ரிவ்யூ முறை முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்றைக்குக் கங்குலிக்கு அப்படி நடந்தால் கேமராவிடம் போய்விடுவார்கள்.

ஆனால் ரிவ்யூவால் திருப்பித் தர முடியாதது ஒன்று இருக்கிறது. சர்ச்சை விழுங்கிய மற்ற வரிகள்.

மூனிக், மூன்று வினாடி

கிரிக்கெட் மட்டும்தான் இப்படியா? இல்லை. பாங்க்காரர்களுக்குக் கூடைப்பந்து ஒன்றும் அந்நியம் அல்ல. இந்தியன் பாங்க், இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் இரண்டுக்கும் பெயர் பெற்ற கூடைப்பந்து அணிகள் உண்டு. கடைசி வினாடியில் ஒரு புள்ளியில் தோற்பது அந்த ஆட்டத்தில் சகஜம். ஆனால் உலகத்திலேயே அதிகம் சண்டை போட்டுக்கொண்ட ஒரு புள்ளி 1972 மூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் விழுந்த புள்ளிதான்.

அமெரிக்கா - சோவியத் யூனியன். கூடைப்பந்து 1936-ல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலிருந்து அமெரிக்கா ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை. ஏழு ஒலிம்பிக், ஏழு தங்கம். செப்டம்பர் 9 இரவு 11.45-க்கு ஆரம்பம். அமெரிக்காவில் டி.வி. பார்ப்பவர்களுக்காக அந்த நேரம்.

கடைசியில் 3 வினாடி இருக்கும்போது டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டார். அமெரிக்கா 50, சோவியத் 49. அந்த நேரத்தில்தான் ஸ்கோர் மேஜையிலிருந்து ஹாரன் சத்தம். சோவியத் கோச் தாங்கள் டைம் அவுட் கேட்டோம், கொடுக்கவில்லை என்றார். ஆட்டம் தொடர்ந்து, 1 வினாடி இருக்கும்போது நிறுத்தப்பட்டது. சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் கீழே இறங்கி வந்து, கடிகாரத்தில் 3 வினாடி திரும்ப வையுங்கள் என்றார். நடக்கும் ஆட்டத்தில் தலையிட அவருக்கு விதிப்படி அதிகாரமே கிடையாது. மறுபடி ஆடினார்கள். கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைப்பதற்கு முன்பே பந்தைப் போட்டாயிற்று. ஹாரன் அடித்தது, அமெரிக்கர்கள் குதித்தார்கள். இல்லை, மறுபடி 3 வினாடி என்றார்கள். மூன்றாவது தடவை இவான் யெடெஷ்கோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எறிந்தார். அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துப் போட்டார். 51 - 50.

பிரேசில் நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். (கையெழுத்து இல்லாத வவுச்சர் எப்படிச் செல்லும் என்று நம் ஆடிட்டர் கேட்பார். செல்லுபடி ஆகிவிட்டது!) மேல்முறையீட்டுக் குழுவில் ஐந்து பேர், தீர்ப்பு 3 - 2. அமெரிக்காவுக்கு எதிராக ஓட்டுப் போட்ட மூவர் ஹங்கேரி, போலந்து, கியூபா நாட்டவர்கள். பனிப்போர்க் காலம், வேறென்ன சொல்ல.

அமெரிக்க ஆட்டக்காரர்கள் வெள்ளிப் பதக்கம் வாங்க மேடைக்கே வரவில்லை. ஐம்பது வருஷம் தாண்டியும் வாங்கவில்லை. தான் இறந்த பிறகும் குடும்பத்தில் யாரும் அந்தப் பதக்கத்தை வாங்கக்கூடாது என்று கேப்டன் கென்னி டேவிஸ் உயிலிலேயே எழுதி வைத்தார். எங்கள் பாஷையில் அனாமத்துக் கணக்கு என்போம். சரியாகத் தீர்க்க முடியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாக வைக்கும் இடம். தற்காலிகமாக வைத்தது அரை நூற்றாண்டாக அங்கேயே இருக்கிறது.

அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஈடனை விட இது பெரிய அநியாயம். அங்கே விதி மீறப்படவில்லை, இங்கே அதிகாரம் இல்லாதவர் வந்து கடிகாரத்தைத் திருப்பினார். ஆனால் இங்கேயும் அதே விடுபிழை. அந்த ஆட்டத்தில் பாதி நேரத்தில் சோவியத் 26 - 21 என்று முன்னால் இருந்தது. பிறகு பத்துப் புள்ளி வரை வித்தியாசம் போனது. ஆட்டத்தின் பெரும்பகுதி அவர்கள்தான் முன்னணி. செர்கே பெலோவ் என்பவர் மட்டும் 20 புள்ளி எடுத்தார். கடைசி பந்தைப் போட்டவர் அலெக்சாண்டர் பெலோவ், இவர் வேறு. இந்த செர்கே பெலோவ்தான் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தீபம் ஏற்றியவர். 1992-ல் அமெரிக்காவிலேயே, நைஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

ஆனால் மூனிக் என்றால் உலகத்துக்கு மூன்று வினாடிதான். மீதி 39 நிமிஷம் 57 வினாடியை யாரும் பேசுவதில்லை. அநியாயமாகத் தோற்றவர்களின் ஆட்டமும் மறந்தது, ஜெயித்தவர்களின் ஆட்டமும் மறந்தது. காலின்ஸ் மோசமாகக் கீழே தள்ளப்பட்டு, எழுந்து வந்து, அந்த நெருக்கடியில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டாரே, அதுவும் கதைக்கு ஒரு முன்னுரை ஆகிவிட்டது.

சென்னை மட்டும் எப்படித் தப்பியது?

நம்ம ஊர்க்காரன் நல்லவன், மற்றவன் முரடன் என்று சொல்லி முடித்துவிடலாம். எழுதவும் சுலபம், படிக்கவும் சுகம். ஆனால் உண்மை அப்படி இல்லை என்று நினைக்கிறேன்.

சென்னையில் தப்பான தீர்ப்பு வந்தது 82-க்கு 5 என்ற இடத்தில். அதற்குப் பிறகு சச்சின் இன்னும் நின்றிருந்தார். கோபப்பட ஆரம்பித்த ஜனங்களுக்கு அடுத்த சில மணி நேரம் நம்பிக்கை கிடைத்தது. 17 ரன்னில் அந்த நம்பிக்கை உடைந்தபோது உடைத்தது நடுவர் அல்ல, நம் ஆட்களே. திட்டுவதற்கு வெளியாள் யாரும் இல்லை. மனசு கனத்துப்போன கூட்டம் கைதட்டியது. ஈடனில் தீர்ப்பு விழுந்ததே சச்சின் தலையில். அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. டால்மியாவும் சச்சினும் சுற்றி வந்தபோது அதே கல்கத்தாக் கூட்டம் அடங்கியதையும் மறக்கக்கூடாது.

ஆனாலும் சேப்பாக்கம் செய்த ஒரு காரியத்துக்காக நாம் பெருமைப்படலாம். அது கைதட்டல் மட்டும் அல்ல. அந்த நிமிஷத்தில் கூட்டம் மேட்ச் முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. நாலு நாளில் யார் யார் என்ன செய்தார்கள் என்பதற்கெல்லாம் சேர்த்துத்தான் தட்டியது. அதனால்தான் இன்றைக்கும் அந்த மேட்ச் நமக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது. ஈடனில் யாரும் கடைசியில் தட்டவில்லை. தட்டுவதற்கு ஆளே இல்லை. எட்டு விக்கெட் எடுத்த பந்துவீச்சாளருக்கு அந்த ஐந்தாம் நாள் கிடைக்கவேண்டியது கிடைக்காமலே போனது.

மாமா கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். சர்ச்சைக்குரிய தீர்ப்பு நம்மிடமிருந்து வெற்றியை எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். அதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் நாம் அதையே பேசிக்கொண்டிருந்தால் நம் ஆட்களின் உழைப்பையும் அதுவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இந்த இரண்டாவது நஷ்டத்துக்கு நடுவர் காரணம் இல்லை. பேனா நம் கையில் இருந்தது.

அப்புறம் அந்தப் பையன்

ஸ்ரீநாத் 2003 உலகக் கோப்பையோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார். 2006-லிருந்து என்ன வேலை தெரியுமா? ஐ.சி.சி.யின் மேட்ச் ரெஃபரி!

சேப்பாக்கத்தில் கடைசி விக்கெட்டாக நின்று தோற்றவர், ஈடனில் 13 எடுத்தும் ரகளைக்கு நடுவே தோற்றவர், தீர்ப்புச் சொல்பவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். மேட்ச் ரெஃபரி அவுட், நாட் அவுட் சொல்வதில்லை. ஆட்டக்காரர்களின் நடத்தையைப் பார்ப்பது, அத்துமீறினால் அபராதம் போடுவது, நடுவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று அறிக்கை எழுதுவது. நம்ம பாங்க் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். யாருக்கும் பிடிக்காத, ஆனால் யாராவது செய்தே ஆகவேண்டிய வேலை.

அந்த நாற்காலியில் உட்காரத் தகுதி என்ன என்று யோசித்தால், இரண்டு பக்க வலியும் தெரிந்தவர் என்பதை விடப் பெரிய தகுதி எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சொன்னபோது மாமா சிரித்தார். "ஸ்கோர் ஷீட்ல கையெழுத்துப் போடற எடத்துக்கு வந்துட்டான்னு சொல்லு" என்றார். மூனிக் கதையை அதற்கு முந்தின நாள்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன் :-)

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை நம்ம டீம் ஒரு ரன்னிலோ ஒரு புள்ளியிலோ தோற்று, நடுவர் மேல் பற்றிக்கொண்டு வந்தால், தாராளமாகத் திட்டுங்கள். நானும் திட்டுவேன். ஆனால் திட்டுவதற்கு முன்னால் அந்த மேட்ச்சில் நம் ஆட்கள் செய்த மூன்று நல்ல காரியங்களைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். வரவை எழுதிவிட்டுப் பற்றை எழுதுவோம்.

உங்கள் ஊரிலும் இப்படி விடுபட்டுப் போன ஒரு ஸ்ரீநாத் இருப்பார். கபடியோ, வாலிபாலோ, கூடைப்பந்தோ. சொல்லுங்கள், கேட்க ஆசை.